ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போட்டிருக்கு, என்ன அர்த்தம்?



போன வருஷம் ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு குழுவிலிருந்து அவசரக் கடன் மனு வந்தது. தொகை 40,000 ரூபாய். காரணம் எழுதுகிற இடத்தில் "கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன்" என்று இருந்தது. மனு போட்டவருக்கு வயது 43. பெயரும் ஊரும் வேண்டாம். அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் அவரை அக்கா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படி ஒரு மனு வந்தால் நாம வழக்கமா என்ன பார்ப்போம்? சேமிப்பு எவ்வளவு, பழைய பாக்கி இருக்கா, தவணை ஒழுங்கா கட்டினாங்களா, இதைத்தான். அக்கா விஷயத்தில் அங்கேதான் சிக்கல் வந்தது. அவர் குழுவின் பிரதிநிதி. கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். ஆனால் ஒரு வருஷமா நோட்டில் கூட்டல் தப்பு வர ஆரம்பித்தது. ஒரு மாதம் 600 ரூபாய் இடித்தது. கூட்டத்துக்கு லேட்டா வருவார், வந்தாலும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். "பணத்துல கை வைக்கிறாளோ" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு கிளம்பிவிட்டது. கடன் கொடுக்கக் கூடாது என்று கூட்டத்திலேயே இரண்டு பேர் எழுந்து சொன்னார்கள்.

அப்போது எங்கள் கூட்டமைப்பில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிற ஒரு உறுப்பினர் மட்டும், "கடன் கொடுக்கிறதா வேணாமாங்கிறது அப்புறம். அவங்க ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு தடவை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். அக்கா மறுநாள் ஒரு துணிக்கடைப் பை நிறைய காகிதம் கொண்டுவந்தார். இரண்டு வருஷத்தில் மூணு இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை. கடைசியாக எடுத்தது "முழு உடல் பரிசோதனை", நாலு பக்கம். அதில் ஏழு இடத்தில் நட்சத்திரக் குறி.

"ஏழு வியாதி இருக்குன்னு அர்த்தமா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நட்சத்திரம் எப்படி விழுகிறது?

ரிப்போர்ட்டில் மூன்று பத்தி இருக்கும். பரிசோதனையின் பெயர், உங்களுக்கு வந்த அளவு, பக்கத்தில் "இயல்பு அளவு" என்று இரண்டு எண். உங்கள் அளவு அந்த இரண்டு எண்ணுக்கு வெளியே போனால் எந்திரம் தானாகவே தடித்த எழுத்தில் அடிக்கும், அல்லது நட்சத்திரமோ அம்புக்குறியோ போடும். அங்கே டாக்டர் யாரும் உட்கார்ந்து யோசித்துக் குறி போடுவதில்லை.

சரி, அந்த இயல்பு அளவை யார் முடிவு செய்தது? ஆரோக்கியமாக இருக்கிற நிறையப் பேரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அளவுகளை வரிசையாக அடுக்கி, மிகக் குறைவாக உள்ள கொஞ்சப் பேரையும் மிக அதிகமாக உள்ள கொஞ்சப் பேரையும் ஓரத்தில் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற நூற்றுக்கு 95 பேரின் அளவையே பெரும்பாலும் "இயல்பு" என்று வைக்கிறார்கள். அப்படியானால் ஓரத்தில் தள்ளிய அந்த 5 பேர்? அவர்களும் நல்லா இருக்கிறவங்கதான்! நம்ம தெருவில் எல்லாரையும் விட உயரமான பெண்ணுக்கு உயரம் என்கிற வியாதி இருக்கு என்று சொல்வோமா? அது மாதிரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 வரி இருக்கிற ரிப்போர்ட்டில், ஒரு நோயும் இல்லாத பெண்ணுக்கே சுமார் 2 வரியில் நட்சத்திரம் விழலாம். வரி கூடக் கூட நட்சத்திரமும் கூடும். "70 பரிசோதனை சலுகை விலையில்" என்று விளம்பரம் பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே போய் எடுத்துக்கொண்டு, பிறகு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நம்ம குழுக்களிலேயே இருக்கிறார்கள். அந்த மாதிரி விளம்பரத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் வேணும் என்று தெரிந்து எடுக்கிற நாலு பரிசோதனை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற எழுபதை விட மேல்.

அதற்காக நட்சத்திரத்தைத் தூக்கி எறியவும் முடியாது. எவ்வளவு தூரம் வெளியே போயிருக்கிறது என்பதைப் பார்க்கணும். ஹீமோகுளோபின் 11.8 வந்தாலும் நட்சத்திரம், 6.8 வந்தாலும் நட்சத்திரம். முதலாவதுக்கு சாப்பாடு, இரும்புச்சத்து மாத்திரை, ஒரு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. இரண்டாவதுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரே குறி, ஆனால் இரண்டும் ஒன்றா?

அடுத்தது, பழைய ரிப்போர்ட். இன்றைக்கு 10 என்பது போன வருஷம் 8 ஆக இருந்து ஏறி வந்த 10-ஆ, 12-லிருந்து இறங்கி வந்த 10-ஆ? இறங்கி வந்திருந்தால் ரத்தம் எங்கேயோ போகிறதா என்று பார்க்கணும். பழைய காகிதம் கையில் இல்லை என்றால் டாக்டருக்கும் இது தெரியாது.

ரத்தம் எடுத்த விதமும் அளவை மாற்றும். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரையை டீ குடித்துவிட்டு எடுத்தால் கூடத்தான் வரும். எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். தட்டணுக்கள் குழாய்க்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் எந்திரம் குறைவாக எண்ணும், கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் சரியாக இருக்கும். முடி வளர என்று கடையில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனையையே குழப்பிவிடும். எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அதனால்தான் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஒரு அளவு மட்டும் திடீரென்று கோளாறாக வந்தால், பெரும்பாலான டாக்டர்கள் முதலில் "இன்னொரு தடவை எடுங்க" என்கிறார்கள். காசு பிடுங்கத்தான் சொல்றாங்க என்று எப்போதும் நினைக்க வேண்டாம்.

அக்காவின் ஏழு நட்சத்திரம்

இப்போ அக்காவின் பைக்கு வருவோம். ஹீமோகுளோபின் 8.6. கொலஸ்டிரால் 286. இ.எஸ்.ஆர். 48. ஈரல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. கொஞ்சம் கூடுதல். யூரிக் அமிலம் ஒரு இழை கூடுதல். வைட்டமின் டி குறைவு. சோடியம் சற்றுக் குறைவு.

இந்த ஏழுக்கும் அவர் ஏற்கெனவே வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரத்தம் குறைவுக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை, யூரிக் அமிலத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. உடம்பு வலிக்கு வாரம் ஒரு ஊசி. ஈரலுக்குக் கீழாநெல்லி. மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போனதால், கடைசியாகப் போன இடத்தில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம், தொல்லை விட்டுடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதுக்குத்தான் 40,000.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மாத்திரை கொடுத்தவர்கள் யாரும் அக்காவை உட்கார வைத்து முழுசாகக் கேட்கவில்லை. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்து லேடி டாக்டர் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா, உடம்பு என்ன பண்ணுது?" என்றார்.

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் எழுந்திருக்கவே முடியலை. சாப்பாடு குறைஞ்சும் எடை எட்டு கிலோ கூடியிருக்கு. சித்திரை வெயிலிலும் ராத்திரி போர்வை வேணும். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போறேன். முடி கொத்துக் கொத்தா வருது. தோல் வறண்டு வெள்ளை பூத்துக் கிடக்கு. குரல் கட்டிக்கிட்டு ஆம்பளைக் குரல் மாதிரி ஆயிடுச்சு. முகம் காலையில் உப்பியிருக்கு. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எட்டும் ஏழும் எத்தனைன்னு யோசிக்க வேண்டியிருக்கு டாக்டர். கணக்கு நோட்டை எடுத்தாலே பயமா இருக்கு" என்றார். அழுதுவிட்டார். எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது. கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசியபோது நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், நாடி பிடித்தார். தைராய்டு பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். நாலு பக்க ரிப்போர்ட்டில் அது ஒன்றுதான் இல்லை. வந்த அளவு: டி.எஸ்.எச். 74. இருக்க வேண்டியது ஏறக்குறைய 0.4-லிருந்து 4 வரை.

டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடுதலா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "எனக்குத் தைராய்டு அதிகமா இருக்கு" என்பார்கள். உண்மையில் அவர்களுக்குக் குறைவு.

கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அதில் சுரக்கும் நீர் ரத்தத்தில் கலந்து, உடம்பில் ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்யணும் என்று சொல்கிறது. இந்தச் சுரப்பிக்கு மேலே ஒரு மேஸ்திரி உண்டு, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி. மேஸ்திரி போடுகிற சத்தம்தான் டி.எஸ்.எச். சித்தாள் ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி மெதுவாகப் பேசினால் போதும். சித்தாள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டால் மேஸ்திரி கத்துவார். 74 என்றால் தொண்டை கிழியக் கத்துகிறார் என்று அர்த்தம். சுரப்பி வேலை செய்யவில்லை.

சுரப்பி ஓய்ந்தால் என்ன ஆகும்? கொழுப்பைக் கரைக்கிற வேலை மந்தமாகும், கொலஸ்டிரால் ஏறும். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது மந்தமாகும். மாதவிலக்கு ஒழுங்கு தவறி அதிகமாகப் போகும், அதிலும் ரத்தம் இறங்கும். ரத்தம் குறைந்தால் இ.எஸ்.ஆர். தானாகவே ஏறும். தசைகள் பாதிக்கப்பட்டு எஸ்.ஜி.ஓ.டி. கசியும். அது ஈரலில் மட்டும் இருக்கிற பொருள் இல்லை, தசையிலும் இருக்கிறது. சோடியம் குறையலாம். குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். மூளையும் மந்தமாகும், மறதி, தூக்கம், மனச்சோர்வு வரும். அக்காவின் ஏழு நட்சத்திரத்தில் ஐந்துக்கு வேர் ஒன்றேதான். மிச்சம் இரண்டில் யூரிக் அமிலம் ஒரு இழைதான் கூடுதல். மூட்டு வீங்கிச் சிவந்து வலிக்காதவர்களுக்கு அந்த அளவுக்கு மாத்திரையே தேவையில்லை என்று டாக்டர் நிறுத்திவிட்டார். வைட்டமின் டி குறைவு நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிற சங்கதிதான், அது தனியாக வந்தது.

இன்னொன்றையும் டாக்டர் சொன்னார். தைராய்டு குறைந்திருப்பது தெரியாமல் கொழுப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் சிலருக்குத் தசை வலி இன்னும் கூடும். வலி கூடியதால் அக்கா ஊசி போட்டுக்கொண்டார். ஊசியோடு கொடுத்த வலி மாத்திரையால் வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை!

கர்ப்பப்பை விஷயம்

எல்லா ஆபரேஷனும் தப்பு என்று சொல்ல வரவில்லை. பெரிய கட்டி இருக்கலாம், புற்றுநோய் இருக்கலாம், மருந்துக்கு நிற்காத ரத்தப்போக்கு இருக்கலாம். அப்போது எடுப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். ஆனால் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் நாற்பது வயதிலேயே மாதவிலக்கு நின்ற உடம்பாகி எலும்பு தேய ஆரம்பிக்கும். அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். "ஸ்கேனில் என்ன தெரியுது? தைராய்டு பார்த்தாச்சா? மாத்திரையில் நிற்குமான்னு முயற்சி பண்ணியாச்சா? கர்ப்பப்பை உள்சதை எடுத்துப் பார்க்கணுமா?" இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பது நம்ம உரிமை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே போய்க் காட்டணும். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தாலும் காட்டணும். கர்ப்பப்பைப் புற்றுநோயை ஹீமோகுளோபினும் சர்க்கரையும் காட்டிக் கொடுக்காது.

மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலையா?

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது 20 பேர் உள்ள குழுவில் 10 பேருக்கு. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராம் இருக்கணும், கர்ப்பிணிக்கு 11. கர்ப்பமாக இல்லாதவருக்கு 8-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை, தள்ளிப்போடக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறணும். ஏறவில்லை என்றால் "எனக்கு மாத்திரை ஒத்துக்கலை" என்று விட்டுவிடாமல் ஏன் என்று பார்க்கணும். முதலில் நம்மையே கேட்டுக்கொள்ளணும், உண்மையிலேயே தினமும் விழுங்கினோமா? மலம் கறுப்பாகப் போகுதே, வயிற்றைப் புரட்டுதே என்று பாதியில் நிறுத்தியவர்கள் நிறைய. மலம் கறுப்பது இந்த மாத்திரைக்குச் சகஜம். டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ என்றால் நன்றாக ஒட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ரத்தம் எங்கேயோ வெளியேறலாம். மாதவிலக்கு, மூலம், கொக்கிப்புழு இருக்கலாம். மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையால் வயிற்றுப் புண்ணும் வந்திருக்கலாம். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் வயிறு, குடலைக் கட்டாயம் பார்க்கச் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. சிவப்பணுவின் பருமன் அது. 80-லிருந்து 100 வரை இயல்பு. இரும்புச்சத்து குறைந்தால் அணு சின்னதாகும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெரிதாகும். இரண்டும் குறைந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, நடுவில் நல்ல பிள்ளை மாதிரி 88, 90 என்று காட்டி ஏமாற்றும்! அணு ரொம்பச் சின்னதாக இருந்து, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் சரியாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியாவின் சின்ன வகையா என்று பார்ப்பார்கள். அது உள்ளவருக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான நோய் வர. கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம். பாதம் எரியுது, மரத்துப்போகுது, நாக்கு புண்ணாகுது, நடக்கையில் தள்ளாடுது என்றால் "சர்க்கரையால்தான்" என்று விட்டுவிடாதீர்கள், பி12-ம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாலும் முட்டையும் மீனும் இல்லாத சாப்பாட்டிலும் இது குறையும், கீரையில் பி12 கிடையாது. நாள்பட விட்டால் நரம்பு கெடும், கெட்ட நரம்பு எல்லாம் திரும்பாது.

வேறு சில வரிகள்

இ.எஸ்.ஆர். கூடுதல் என்றவுடன் டி.பி. என்று பயப்பட வேண்டாம். சளி, ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாவற்றிலும் அது ஏறும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைதான் எடுக்கணும், அரசு நிலையத்தில் இலவசம். காய்ச்சல் வந்த மூணாம் நாளே ஒரு வைடால் பரிசோதனை எடுத்து "டைபாய்டு" என்று சொல்லிவிடுவது நம்ம பக்கம் சகஜம். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டை உறுதியாகச் சொல்ல முடியாது, எப்போதோ வந்துபோன காய்ச்சலிலும் அது தப்பாகக் காட்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவு என்கிற எச்.பி.ஏ.1.சி.-யும் ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சில சமயம் தப்பாக வரும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தசோகை இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சில் அழுத்துவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, தார் மாதிரி கறுத்து ஒட்டுகிற மலம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற ரத்தப்போக்கு, நினைவு தடுமாறுவது. இவற்றுக்கு ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும் முன்

இதைக் குழுக் கூட்டத்திலேயே உட்கார்ந்து செய்யலாம். ஒரு முழு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எதனால் கூடுது, எதனால் குறையுது. கடைசி மூணு மாதவிலக்குத் தேதி, எத்தனை நாள் போச்சு. எடை கூடுச்சா குறைஞ்சுச்சா. சாப்பிடுகிற எல்லா மாத்திரையும், நாட்டு மருந்தும் சூரணமும் சேர்த்து. அட்டையையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. அம்மா, அக்கா தங்கைக்குத் தைராய்டு, சர்க்கரை உண்டா என்றும் எழுதுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே பைலில் போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை நம்ம மாதிரி குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். அந்த அனுபவம் உள்ளவர் உங்கள் குழுவில் இருந்தால் இந்த வேலை இன்னும் சுலபம்.

வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம்தான் பல சமயம் சாவியாக இருக்கும். அக்கா பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கை ஒரு வருஷம் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு என்ன ஆச்சு?

அக்காவுக்குத் தைராக்சின் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, பலகாரம் எதுவும் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளித்தான். அக்கா முதல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து, காபியோடு விழுங்கியிருக்கிறார்! டி.எஸ்.எச். 74-லிருந்து 51-க்குத்தான் இறங்கியது. "மருந்து வேலை செய்யலை" என்று நிறுத்த இருந்தவரைச் செவிலியர்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஒழுங்கான நேரத்தில் சாப்பிட, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட, தை மாதம் 6-க்கு வந்தது. கொலஸ்டிரால் அதுபாட்டுக்கு 210-க்கு இறங்கிவிட்டது. மாதவிலக்கு ஐந்து நாளில் நிற்கிறது. ஹீமோகுளோபின் இன்னும் 10.4-தான், அதற்கு மாத்திரை தொடர்கிறது. எடை மூணு கிலோதான் குறைந்திருக்கிறது, அதில் அவருக்கு வருத்தம் உண்டு.

இந்த மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். உடம்பு நல்லாயிடுச்சு என்று தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம் தரித்தால் உடனே டாக்டரிடம் சொல்லணும், அளவைக் கூட்ட வேண்டிவரும். டி.எஸ்.எச். 5, 6 என்று லேசாக மட்டும் கூடியிருக்கிறவர்கள் அக்கா கதையைப் படித்துவிட்டு மாத்திரைக்கு ஓட வேண்டாம். சில மாதம் கழித்து மறுபடி எடுத்தால் பலருக்கு அது தானாகவே சரியாக இருக்கும். கர்ப்பிணிக்கும் கர்ப்பம் எதிர்பார்ப்பவருக்கும் மட்டும் கணக்கு வேறு, அவர்கள் காத்திராமல் காட்டணும்.

பழைய கணக்கு நோட்டை அக்காவும் ஊக்குநரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு நாள் சரிபார்த்தார்கள். அந்த 600 ரூபாய் கிடைத்தது. ஒரு உறுப்பினர் கட்டிய தவணை இரண்டு பக்கத்தில் இரண்டு தடவை வரவாக எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் எழுந்து பேசிய இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர் கேட்கவில்லை.

40,000 ரூபாய் கடன் மனு தீர்மான நோட்டில் "ஒத்திவைப்பு" என்று எழுதியபடியே இருக்கிறது. அடித்துவிடலாமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், ஒரு கறவை மாடு வாங்கணும். காரணத்தை மட்டும் மாத்தி எழுதித் தர்றேன்" என்கிறார் அக்கா.